வியாழக்கிழமை கண்டிப்பா

மேஜைமேல் அறுபது அடுக்குத் துணி கிடந்தது. அவன் வெட்டும் மெஷினை, சட்டையில் கை பொருத்தும் கைக்குழி வளைவில் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வளைவில் கை நடுங்கினால் அறுபது சட்டையும் பாழ். அந்த நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"மாஸ்டர், ஆபீஸ்ல உங்களுக்குப் போன். பொம்பளைக் குரல். என்ன விஷயம், எங்ககிட்டயும் சொல்லலாம்ல?"

வளைவை முடித்துவிட்டுத்தான் மெஷினை அணைத்தான். இடது கையில் மாட்டியிருந்த இரும்பு வலைக் கையுறையைக் கழற்றாமலே போய் ரிசீவரை எடுத்தான்.

"கட்டிங் மாஸ்டருங்களா?"

அக்காவின் குரல். பதினோரு வருஷமாக அந்தக் குரல் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஆமாங்க."

"ஒரு உடுப்பு தைக்கணும். வெள்ளைத் துணி, நாலு மீட்டர் இருக்கு. இன்னைக்கே வேணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள."

வெள்ளை, நாலு மீட்டர், அன்றைக்கே. சபையில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செத்தவருக்குப் போடுகிற உடுப்பைச் செத்த அன்றைக்கே அளவெடுத்து, அன்றைக்கே தைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ரெடிமேட் ஆகாது. முன்கூட்டித் தைத்து வைப்பதும் ஆகாது.

"யாருக்குங்க?"

பின்னால் ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமியது.

"சபைத் தையல்காரருக்கு," என்றாள். "காலையில தவறிட்டார். சபையில வேற தையல்காரர் கிடையாது. முதுகு திறப்பு வெச்ச வெட்டு, வெளியில யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு கேள்விப்பட்டோம். அளவு நோட்டுல இந்த நம்பர் இருந்துச்சு. நீங்க வீட்டுக்கு வந்து அளவெடுக்கணும்."

கேள்விப்பட்டார்களாம்! ஒரே மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத் துணி பொறுக்கி விளையாடினவர்கள் அவளும் அவனும். சபைத் தையல்காரர் என்று அவள் சொன்னது அவர்களுடைய அப்பாவை.

"வரேங்க," என்றான்.

ரிசீவரை வைக்கப் போனபோது கையுறை அதில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. சூப்பர்வைசர் வந்து எடுத்துவிட்டார். "யாரு மாஸ்டர்?" என்றார். "வெளி ஆர்டர் ஒண்ணு. நான் போகணும்," என்றான். அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி செய்ய வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்," என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கு முன்னால் கணக்கு வந்தது. இன்றைக்கு என்ன கிழமை? வியாழக்கிழமை. ஐயோ, வியாழக்கிழமை.

அதைச் சொல்வதற்கு முன்னால் சபையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சபை என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அதற்கு வேறு பெயர் கிடையாது, வேறு சபைகளும் அவர்கள் மனசில் கிடையாது. காலையும் மாலையும் பிரார்த்தனை. பிரார்த்தனை முடியும்போது எல்லோரும் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்து உயர்த்த வேண்டும். அவனுக்கு இருபத்துமூன்று வயசில் ஒருநாள் கை எழவில்லை. பிடிவாதமோ கெட்ட சகவாசமோ ஒன்றும் கிடையாது. நம்பிக்கை போய்விட்டிருந்தது, எப்போது போனதென்று அவனுக்கே தெரியாது. ஒரு மாதம் ஒப்புக்குக் கையைத் தூக்கிப் பார்த்தான். அப்புறம் சபைத் தலைவரான மூப்பரிடம் போய், "எனக்கு நம்பிக்கை இல்லைங்கய்யா. நடிக்கறது உங்களையும் ஏமாத்தற மாதிரி இருக்கு," என்று சொன்னான். இந்த இடத்தில்தான் அவன் கோட்டை விட்டுவிட்டான் என்று கம்பெனிச் சிநேகிதர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். "வாயைப் பொத்திக்கிட்டுக் கையைத் தூக்கிட்டுப் போயிருந்தா ஊரு உலகத்துல யாருக்குடா தெரியப்போவுது?"

விலகினவனோடு பேசக்கூடாது. சேர்ந்து சாப்பிடக்கூடாது. முகம் பார்த்துச் சிரிக்கக்கூடாது. மீறினவருக்கும் அதே கதிதான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கதவைச் சாத்தினவள் அக்கா. அம்மா அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள், அழுகிற சத்தம் கேட்கக்கூடாதென்று.

ஆனால் அந்த விதியிலும் ஒரு ஓட்டை இருந்தது. தொழில் காரியமாக யாரோடும் பேசலாம். பால்காரரிடமும் டாக்டரிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசாமல் குடும்பம் நடத்த முடியாதே. விதி எழுதினவர்களுக்கும் பால் வேண்டியிருந்தது.

அந்த ஓட்டையை அவன் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. முதல் தடவை கையில் துணியோடு அப்பாவின் கடைக்குள் போய், வாய் தவறி "அப்பா" என்றுவிட்டான். அப்பா கையிலிருந்த டேப்பைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் நின்று பார்த்தான். திரை அசையவே இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் போய், "சட்டை தைக்கணுங்க," என்றான். அப்பா துணியை வாங்கி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "சுருங்குற துணி. நனைச்சுக் காயவெச்சுக் கொண்டாங்க," என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பா பேசின முதல் பேச்சு அது. அன்றைக்கு அறைக்குப் போய் அந்தத் துணியை வாளியில் முக்கிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு சட்டை. சட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் சட்டையை வெளியே தைக்கக் கொடுத்தால் சும்மா விடுவார்களா? "கொல்லன் தெருவுல ஊசி விக்கிறவனைப் பாத்திருக்கோம் மாஸ்டர். கொல்லனே போய் ஊசி வாங்கறதை இப்பத்தான் பாக்கறோம்," என்பார் சூப்பர்வைசர்.

கையைத் தூக்கச் சொல்லி, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டு, அப்பா அளவெடுக்கும் அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் எல்லாம். அந்த ஐந்து நிமிஷத்தில் அப்பாவும் பிள்ளையும் பேசவேண்டியதைப் பேசிக்கொள்வார்கள், தொழில் பேச்சாக.

"மார்பு ஒரு இஞ்சு இறங்கியிருக்கு. வேளைக்குச் சாப்பிடாத ஆளுக்குத்தான் இப்படி இறங்கும்."

"வேலை அதிகங்க."

"நின்னுக்கிட்டே பாக்கற வேலையோ? வலது தோள் சரிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தெச்சுடறேன்."

"கடைக்காரருக்கு இருமல் விடலை போலிருக்கே. டாக்டர்கிட்டக் காட்டலாமே."

"அது தையல்ல வராதுங்க," என்பார் அப்பா. அப்போது மட்டும் மீசைக்கு அடியில் ஏதோ அசையும்.

சட்டையின் உள்தையலில் எப்போதும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத் தைப்பார். "நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்," என்பார். பதினோரு வருஷத்தில் அவனுக்கு உடம்பு போடவும் இல்லை, ஒரு சட்டையைப் பிரித்ததும் இல்லை.

தையல்காரன் சொன்ன நாளில் துணி கொடுத்ததாக உலகத்தில் சரித்திரம் கிடையாது. அப்பா மட்டும் கொடுப்பார். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. அப்படிப்பட்டவர் இந்தத் தடவை கொடுத்த வானநீலத் துணிக்கு, சொன்ன தேதியில் போனபோது, "பட்டனுக்குக் காஜா எடுக்கலைங்க, அடுத்த வாரம் வாங்க," என்றார். அடுத்த வாரம், "பட்டன் கலர் ஒத்து வரலை." அதற்கும் அடுத்த வாரம், "காலரைப் பிரிச்சுட்டேன், மனசுக்குப் பிடிக்கலை." ஒவ்வொரு தடவையும், "எதுக்கும் இன்னொரு தடவை அளவு பாத்துடறேன், கையைத் தூக்குங்க," என்பார். இரண்டு பஸ் மாறி வரவேண்டும், அரைநாள் லீவு போடவேண்டும். போன சனிக்கிழமை ஐந்தாவது தடவையாகப் போனான். அன்றைக்கும் இல்லை என்றதும் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"தைக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. துணியைக் கொடுங்க, வேற இடம் பாத்துக்கறேன். எனக்கும் வேலை வெட்டி இருக்குல்ல?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி, தைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு துணியின் ஓரத்தில் துடைத்தார்.

"வியாழக்கிழமை கண்டிப்பா," என்றார். "கண்டிப்பா வாங்க."

சரி என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டான். வியாழக்கிழமை போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். ஒரு வாரம் காத்திருக்கட்டுமே, வாடிக்கைக்காரன் அருமை அப்போதுதான் தெரியும். அந்த வீம்பில்தான் இன்று காலை குளித்து, சாப்பிட்டு, நேராகக் கம்பெனிக்குப் போனான்.

தெருமுனையில் இறங்கியபோது சபை ஆட்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு வாசலில் கூட்டமாக நின்றார்கள். அவனைப் பார்த்ததும் ஒவ்வொரு முகமாகத் திரும்பிக்கொண்டது. கூடப் படித்தவன் ஒருத்தன் தன் செருப்பைப் பார்த்தான். நடுவில் வழி மட்டும் விட்டார்கள்.

மூப்பர் கடைப் படியில் நின்றார். கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடமே. அவன் சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இப்போது அவன் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"தையல்காரர் வந்தாச்சா? நல்லது. தொழில் பேச்சு மட்டும் பேசலாம். வேற ஏதாவது வாயில வந்துச்சுன்னா, உடுப்பே வேண்டாம்னு துப்பட்டியில சுத்தி எடுத்துட்டுப் போயிடுவோம். அதுக்கப்புறம் இந்த வீட்டுப் பொம்பளைங்களையும் நான் கேள்வி கேக்க வேண்டியிருக்கும். புரியுதுங்களா?"

"புரியுதுங்கய்யா."

"சவப்பெட்டி செய்யற ஆசாரியும் வெளியாளுதானே, அவரை விடறப்போ தையல்காரரை விடக்கூடாதான்னு இவதான் கேட்டா," என்று மூப்பர் யாருக்கோ சொல்வது போல் சொன்னார். அக்கா திரைக்குப் பக்கத்தில் நின்றாள். காது ஓரத்தில் முடி நரைத்திருந்தது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அப்பாவைக் கூடத்தில் பெஞ்சுமேல் படுக்க வைத்திருந்தார்கள். காலடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே வந்ததும் அவள் தலை நிமிர்ந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து அப்பாவின் கால் விரல்களைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். அவை சுத்தமாகத்தான் இருந்தன.

அவன் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அப்பாவின் மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. வலது கை நகங்களில் மெஷின் எண்ணெய்.

அவன் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அக்கா நோட்டில் எழுத வேண்டும். அந்தக் கடையில் எப்போதும் அப்படித்தான்.

"கழுத்து... பதினாலரை."

"பதினாலரை," என்றாள் அக்கா.

"தோள், பதினேழு. கை நீளம், இருபத்துமூணு." கையை எடுத்து நீட்டி வைத்து அளந்தான். அந்தக் கை கனத்தது. "மணிக்கட்டு, ஆறே முக்கால். மேல்கை, பத்து."

மூப்பர் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி உடுப்புக்கு இத்தனை அளவு எதுக்கு? தோளும் உயரமும் போதாதா?"

அவன் கை நின்றது. உண்மையில் அதுவும் தேவையில்லை. அப்பா சபையில் எத்தனையோ பேருக்குக் கடைசி உடுப்பு தைத்திருக்கிறார். வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், அதுதான் அவர் எடுக்கும் அளவு. செத்தவர்மேல் டேப்பை வைத்ததே இல்லை. அது அவனுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"அப்பா எல்லாருக்கும் இப்படித்தான் எடுப்பாங்க, ஐயா," என்றாள் அக்கா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு அளவு விடமாட்டாங்க."

பொய் சொல்வது சபையில் பெரிய பாவம். அக்கா விளையாட்டுக்குக்கூட அதைச் செய்யாதவள், சின்ன வயசில் அவன் திருட்டுத்தனமாகச் சினிமாவுக்குப் போனதைப் போட்டுக்கொடுத்தவளே அவள்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்றைக்கு ஆடியது.

"எடுக்கட்டும்," என்றார் மூப்பர்.

"மார்பு," என்றான் அவன்.

மார்பை அளக்க முதுகுக்கு அடியில் டேப்பைக் கொண்டுபோக வேண்டும். அவன் குனிந்து இரண்டு கையையும் அப்பாவின் இரண்டு பக்கமும் விட்டு, தூக்கி, தன்மேல் சாய்த்துக்கொண்டான். அப்பாவின் தலை அவன் தோளில் சரிந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவைக் கட்டிப்பிடித்தான், பெயர் என்னவோ மார்பு அளவு. அப்பாவின் சட்டையில் இஸ்திரிப் பெட்டிச் சூட்டு வாசனையும் எண்ணெய் வாசனையும் இருந்தன. டேப் நுனி கையில் அகப்பட்டுவிட்டது. ஆனாலும் அகப்படாத மாதிரி தேடிக்கொண்டே இருந்தான். வாய் வரைக்கும் அந்த ஒரு சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்தான். அதைச் சொல்லிவிட்டால் துப்பட்டியில் சுற்றிவிடுவார்கள்.

டேப்பைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். எண்கள் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தன.

அவன் ஒன்றும் சொல்லாமலே அக்கா நோட்டில் ஏதோ ஒரு எண்ணை எழுதினாள். "முப்பத்தாறு," என்று சத்தமாகப் படித்தாள். "எழுதியாச்சு."

அவன் அப்பாவை மெல்லப் படுக்க வைத்து, தலையை நேராக்கிவிட்டு எழுந்தான்.

முன்பக்கம் கடை, நடுவில் திரை, பின்பக்கம் வீடு. மூப்பர் நாற்காலியைத் தூக்கி வந்து கடை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். முழங்கால் வலிக்காரர், அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவன் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெட்டினான். அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து மிதியில் காலை வைத்ததும் மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. காலையில்தான் யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான்.

ஒரு பக்கத் தையல் முடிந்தபோது திரை விலகியது.

"தையல்காரரே."

அம்மா. அவன் மிதியை நிறுத்தினான்.

"சொல்லுங்கம்மா," என்றான். தையல்காரன் வாடிக்கைப் பொம்பளைகளை அம்மா என்று கூப்பிடுவதை எந்த மூப்பராலும் தடுக்க முடியாது. அவன் இன்னொரு தடவையும் சொன்னான். "சொல்லுங்கம்மா."

"கழுத்து இறுக்க வேண்டாம். அவருக்குக் கழுத்துல துணி உரசினா ஆகாது."

"லூசாவே வெச்சிருக்கேம்மா."

"தையல்காரர் மத்தியானம் சாப்பிட்டாங்களா?"

மூப்பர் செருமினார். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "இல்ல, பசியோட தெச்சா தையல் கோணும்னு கடைக்காரர் சொல்லுவார். அதுக்குத்தான் கேட்டேன்."

"கோணாதும்மா."

அம்மா போகவில்லை. நின்றாள். பிறகு மேஜையைக் காட்டி, பாடம் ஒப்பிப்பவள் மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்த டிராயர்ல ஒரு டெலிவரி பாக்கி இருக்கு. நீலச் சட்டை. சொன்ன தேதிக்கு முந்தின நாளே முடிச்சுட்டார். அஞ்சு வாரமா தினம் காலையில எடுத்து இஸ்திரி போட்டு மறுபடி உள்ள வெப்பார். முடிஞ்ச துணியைக் கொடுக்காம ஏன் இழுத்தடிக்கறீங்க, தொழிலுக்கு அழகான்னு கேட்டேன். கொடுத்துட்டா அடுத்த சட்டைக்கு மூணு மாசம் ஆவும்டி, எனக்கு அவ்வளவு நாள் இருக்கோ என்னவோன்னார்."

மூப்பர் முழங்காலைத் தடவுவதை நிறுத்தினார்.

"போன சனிக்கிழமை அந்த வாடிக்கைக்காரர் கோவிச்சுக்கிட்டாராம். இதுக்கு மேல இழுத்தா வராமலே போயிடுவான்னு சொல்லி, இன்னைக்குக் கொடுத்துடறதா இருந்தார். ஒன்பது மணிக்குத் தொறக்கற கடையை ஏழு மணிக்கே தொறந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுட்டு, தெருவைப் பாத்த மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உக்காந்தார். எட்டரைக்கு நான் காபி கொண்டாந்தேன். அப்படியே உக்காந்திருந்தார். போயிட்டிருந்தார்."

ஏழு மணிக்கு அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எட்டரைக்குக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, காத்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வீம்பு பிடித்த நாயே என்று தன்னைத்தானே வைதுகொண்டான். ஊசிக்கு அடியில் கிடந்த துணியை இரண்டு கையாலும் மெஷின்மேல் அழுத்திப் பிடித்தான்.

"அவர் வந்தா கொடுத்துடுங்க," என்றாள் அம்மா. "அவர்மேல கடைக்காரருக்குக் கோவம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க. போட்டுப் பாக்கச் சொல்லுங்க. போட்டுப் பாக்காம அவர் யாருக்கும் துணி கொடுத்ததில்லை."

"சொல்லிடறேம்மா."

"அம்மா, உள்ள போங்க," என்றார் மூப்பர். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் குரல் ஒத்துழைக்கவில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்றரைக்கு உடுப்பு முடிந்தது. பட்டன் இல்லை, பை இல்லை, முதுகில் திறப்பு. பக்கத் தையலை மட்டும் அவன் மூன்று தடவை பிரித்து அடித்தான். கடைசி உடுப்பில் அப்பா உள்ளே துணி விடவே மாட்டார். "இவங்களுக்கு இனிமே உடம்பு போடவா போவுது?" என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார், அவனுக்குப் பத்து வயசிருக்கும். அவன் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு விட்டு அடித்தான்.

அக்கா வந்து வாங்கினாள். திருப்பி, உள்தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அவளும் தையல்காரர் மகள்தானே.

"உள்ள துணி விட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"எதுக்கு?"

"பழக்கம்," என்றான்.

அவள் உடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு திரைக்கு உள்ளே போய்விட்டாள். திரை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

"தையல்காரர் வேலை முடிஞ்சுது. வெளியாள் இருக்கக்கூடாத நேரம்," என்றார் மூப்பர். கொஞ்சம் தயங்கினார். "டிராயர்ல ஏதோ டெலிவரின்னாங்களே, அதை எடுத்துக்கிட்டுப் போங்க. வாடிக்கைக்காரர் பாவம், எத்தனை தடவை அலைவார்."

டிராயரில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் ஐந்து வாரத்துக்கு முந்தின தேதி. பேர் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

எதிர்ச்சாரியில் ஒரு சைக்கிள் கடை சாத்திக் கிடந்தது. அதன் படியில் ஏறி நின்றான். மணி நாலடித்ததும் அப்பாவைத் தூக்கி வந்து வாசலில் பெஞ்சோடு வைத்தார்கள். உடுப்பு தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. கழுத்து இறுக்கவில்லை. வெள்ளை வெள்ளையாகச் சுற்றி நின்றார்கள். அம்மாவையும் அக்காவையும் முதுகுகள் மறைத்தன. மூப்பர் பிரார்த்தனையை ஆரம்பித்தார். தெருவின் இந்தப் பக்கம் வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது.

அவன் படிக்குப் பின்னால் ஒதுங்கி, போட்டிருந்த சட்டையைக் கழற்றினான். பொட்டலத்தைப் பிரித்து நீலச் சட்டையை உதறி மாட்டினான். பட்டன் ஒவ்வொன்றாகப் போட்டான். கலர் நன்றாகத்தான் ஒத்துப்போயிருந்தது. வலது தோளில் பஞ்சு வைத்திருந்தது. திரும்பவும் படியில் ஏறி, பெஞ்சைப் பார்த்து நின்றான்.

பிரார்த்தனை முடியும் நேரம். வாசலில் நின்ற அத்தனை பேருடைய கையும் வானத்தைப் பார்த்து உயர்ந்தது. அவை உயர்ந்ததும் இடைவெளியில் அப்பாவின் முகம் தெரிந்தது.

அவனும் கையைத் தூக்கினான். மேலே அல்ல, பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு. முழங்கையை மடக்காமல், மூச்சைப் பிடிக்காமல், அப்பா அளவெடுக்கும்போது எப்போதும் நிற்கிற மாதிரி நின்றான். டேப் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கைக்குழி எங்கேயும் இறுக்கிப் பிடிக்கவில்லை.